ஓடத் துடிக்கும் நாய் வலியைச் சொல்லாது

பிப்ரவரி மாதம், காலை ஏழு மணி. அலாஸ்காவில் அந்த நேரத்துக்கு இன்னும் விடிந்திருக்காது. குளிர் மைனஸ் 28 டிகிரி செல்சியஸ். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பதினாறு வயதுப் பெண் ஒருத்தி குனிந்து பனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையுறையைத் தொலைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று பக்கத்தில் போனேன்.

“டாக்டர், இந்தக் கலர் சரியா?” என்றாள்.

‘ஸ்லெட்’ என்ற பனிச்சறுக்கு வண்டியை இழுக்கும் அவளுடைய நாய்களில் ஒன்று அப்போதுதான் காலைத் தூக்கிய இடம் அது. எல்.ஈ.டி. விளக்கின் நீல வெளிச்சத்தில் மஞ்சளும் பழுப்பும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் அந்தப் பனியைப் பிளாஸ்க் மூடியில் கொஞ்சம் வாரிக்கொண்டு வந்து, கூடாரத்து விளக்கடியில் வைத்துக் காட்டினாள். (மூடியை அப்புறம் கழுவினாளா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.) அடர்ந்த மஞ்சள்தான். தண்ணீர் கொஞ்சம் குறைவு, அவ்வளவே. “அடுத்த ஓட்டத்துக்கு முன்னால் இன்னொரு முறை சூப் கொடு” என்று சொல்லி அனுப்பினேன்.

நாங்கள் பயப்படுகிற நிறம் காப்பி நிறம். தசை இழைகள் உடைந்து, அவற்றில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியாக வெளியே வரும்போது பனியில் அந்த நிறம் விழும். ‘ராப்டோமயோலிசிஸ்’ என்று நீளமான பெயர் உண்டு. பெரும்பாலும் ஓட்டத்தின் தொடக்கத்தில், நாய்கள் வெறிபிடித்தாற்போல் இழுக்கும் நேரத்தில் வரும். அந்த இடத்திலேயே நிறுத்தி, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினால் பல நாய்கள் பிழைத்துக்கொள்கின்றன. கவனிக்காமல் இன்னும் இருபது மைல் ஓட்டினால் சிறுநீரகமும் இதயமும் போய்விடும். ஆரம்பக் கட்டத்தில் அந்த நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடத் தயாராகவே நிற்கும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

நான் கால்நடை மருத்துவர். அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரத்துக்கு வடக்கே வசில்லா, வில்லோ ஊர்கள் பக்கம் ஸ்லெட் நாய்கள் அதிகம். என் மேசைக்கு வருகிற நாய்களில் பாதி அவைதான். குளிர்காலத்தில் பந்தயங்களிலும் மருத்துவராக நிற்பேன். தெரிந்தவர்கள் அவ்வப்போது வீடியோ அனுப்பிக் கேட்பது இரண்டே கேள்விகள். ஒன்று, “பாவம், இப்படி அடித்து ஓட்டுகிறார்களே, கொடுமை இல்லையா?” இன்னொன்று, “என்ன அழகு, நாமும் ஒரு ஹஸ்கி வாங்கலாமா?” இரண்டுக்கும் ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு வராது. அதனால் இந்தக் கட்டுரை. குறிப்பாக, ஸ்லெட் ஓட்டும் ஆசையோடு நாய் வளர்க்க வரும் இளையவர்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும்.

முதலில் ஒன்று. ஸ்லெட் நாயை யாரும் அடித்து ஓட வைப்பதில்லை. அடித்து ஓட வைக்கவும் முடியாது. ஸ்லெட்டில் நிற்பவருக்குக் கடிவாளம் கிடையாது. பத்து நாய்களுக்கும் அவருக்கும் நடுவே இருப்பது ஒரு நடுக்கயிறும், கால் வைத்து அழுத்தும் பிரேக்கும், பனியில் குத்தி நிறுத்தும் இரும்புக் கொக்கியும், அப்புறம் அவர் குரலும்தான். வலப்பக்கம் போக ‘ஜீ’, இடப்பக்கம் போக ‘ஹா’, நிற்க ‘வோ’, கிளம்ப ‘ஹைக்’. ‘மஷ்’ என்று யாரும் கத்துவதில்லை. ‘நட’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த அந்தச் சொல், ஓட்டுபவரை ‘மஷர்’ என்று அழைப்பதோடு நின்றுவிட்டது. கிளம்பும் இடத்தில் போய் நின்று பாருங்கள். நாய்கள் ஊளையிட்டு, துள்ளி, கயிற்றைக் கடித்து, ஓடவிடு ஓடவிடு என்று உயிரை எடுக்கும். கொக்கியைப் பிடுங்கிய மறுநொடி சத்தம் மொத்தமும் அடங்கிவிடும். மூச்சும் பாதமும் மட்டும் கேட்கும்.

ஆக, ஓட வைப்பது பிரச்சினையே இல்லை. நிறுத்துவதுதான் பிரச்சினை. அந்த நாய்க்குத் தன் வலியைச் சொல்லத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லாது, சொன்னால் வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடுவார்களே! வலியைக் கண்டுபிடிக்கும் வேலை முழுக்க மஷர் தலையில் விழுகிறது. அந்த மஷருக்குப் பதினாறு வயது என்றால்?

அந்தப் பெண்ணின் பெயர் இங்கே வேண்டாம். அவள் வீட்டில் இருபத்திரண்டு நாய்கள். எல்லாம் ‘அலாஸ்கன் ஹஸ்கி’. படத்தில் பார்க்கிற நீலக்கண், அடர்முடி சைபீரியன் ஹஸ்கி வேறு. இவை எந்த கென்னல் கிளப்பிலும் இனமாகப் பதிவாகாதவை. அழகைப் பார்க்காமல் ஓட்டத்தைப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட கலப்பு. இருபது, இருபத்தைந்து கிலோ எடை, நீண்ட கால், ஒல்லி உடம்பு. முதல்முறை பார்ப்பவர்கள் “இதுவா ஸ்லெட் நாய்?” என்று ஏமாந்து போவார்கள். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு ஒரே வகைப் பெயர் வைப்பது இங்கே மஷர்களின் வழக்கம். அவள் வீட்டில் ஓர் ஈற்றுக்கு அவள் அப்பாவின் கருவிப்பெட்டியிலிருந்து பெயர் வந்தது: ரெஞ்ச், ஹாமர், பிளையர், ட்ரில். ரெஞ்ச் பெண் நாய், முன்னால் ஓடி வழிகாட்டுபவள். ஹாமர் ஸ்லெட்டுக்கு நேர் முன்னால் ஓடுகிற கடைசி ஜோடியில் ஒருவன். அந்த இடத்துக்கு ‘வீல்’ என்று பெயர். திருப்பத்தில் ஸ்லெட் மரத்தில் மோதாமல் இழுத்துத் திருப்புவதும், ஒவ்வொரு குலுக்கலையும் முதலில் தாங்குவதும் அந்த ஜோடிதான்.

காலை ஐந்து மணிக்கு அவள் நாள் தொடங்கும். வெந்நீரில் இறைச்சித் துண்டு போட்டு வாளி வாளியாகக் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். அப்புறம் மலம் அள்ள வேண்டும், இருபத்திரண்டு நாய்க்கும், நாள் தவறாமல். இதைத்தான் நான் இளையவர்களிடம் முதலில் கேட்பேன்: “நீயே அள்ளுகிறாயா, வேறு யாராவது அள்ளுகிறார்களா?” வேறொருவர் என்றால் அந்தப் பிள்ளைக்குத் தன் நாய்களைப் பற்றிப் பாதிதான் தெரியும். இறுக்கமா, இளக்கமா, கருப்பா, சளி இருக்கிறதா, யார் நேற்று போகவே இல்லை, எல்லாம் அந்த மண்வெட்டியில்தான் தெரியும். ஏழு மணிக்குப் பள்ளிப் பேருந்து. மீன் வாசனையோடு ஏறுகிறாள் என்று கூடப் படிப்பவர்கள் கிண்டல் செய்வார்களாம். மாலை நாலு மணிக்கு மேல் பயிற்சி ஓட்டம். குளிர்காலத்தில் அதற்குள் இருட்டிவிடும் என்பதால் பெரும்பாலும் விளக்கு வெளிச்சத்தில்தான். வீட்டுப்பாடம் எப்போது என்று கேட்டேன். நாய்ச் சோறு வேகும்போது என்றாள்.

பதினான்கு முதல் பதினேழு வயது வரை உள்ளவர்களுக்கென்று ‘ஜூனியர் இடிடரோட்’ என்ற பந்தயம் 1978 முதல் நடக்கிறது. ஏறத்தாழ 150 மைல். வழக்கமாக யென்ட்னா என்ற இடம் வரை போய், அங்கே பத்து மணி நேரம் கட்டாயமாகத் தங்கி, மறுநாள் திரும்புவார்கள். அந்தப் பத்து மணி நேரத்தில் பெற்றோர் கை வைக்கக் கூடாது. பனி உருக்குவது, சோறு கொடுப்பது, வைக்கோல் விரிப்பது, பாதம் பார்ப்பது எல்லாம் பிள்ளைகளேதான். பெரிய இடிடரோட்டில் ஓட 18 வயது ஆகியிருக்க வேண்டும், தகுதிப் பந்தயங்களும் முடித்திருக்க வேண்டும். ஆங்கரேஜ் பக்கமிருந்து பேரிங் கடலோரம் உள்ள நோம் வரை ஏறத்தாழ ஆயிரம் மைல். 1973-ல் முதலில் ஜெயித்தவருக்கு இருபது நாள் ஆனது. இப்போது முன்னால் வருபவர்கள் பெரும்பாலும் ஒன்பது, பத்து நாளில் முடித்துவிடுகிறார்கள்.

எப்படி முடிகிறது? பெரிய காரணம் வயிறு. பந்தய நாள்களில் ஒரு நாய்க்கு ஒரு நாளில் 10,000 கலோரிக்கு மேல் தேவைப்படுகிறது. உங்களையும் என்னையும் விட மூன்றில் ஒரு பங்கு எடையுள்ள பிராணி, நம்மைவிட நாலைந்து மடங்கு சாப்பிட வேண்டும். அரிசியும் ரொட்டியும் கொடுத்தால் வயிறு நிறைந்துவிடும், கணக்கு நிறையாது. அதனால் கொழுப்பு. சால்மன், மாட்டுக்கொழுப்பு, கோழித்தோல், நீரில் வாழும் கொறிவிலங்கான பீவரின் இறைச்சி, அதோடு நல்ல உலர்தீவனம். இந்த நாய்களின் உடம்பு இன்னொரு விந்தையும் செய்கிறது. முதல் ஓரிரு நாள் தசையில் சேமித்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தைக் கரைக்கும். பிறகு, ஓட்டம் தொடர்ந்துகொண்டிருக்கும்போதே, எரிபொருள் முறையை மாற்றிக்கொண்டு சேமிப்பைக் காப்பாற்றத் தொடங்கிவிடும். மனித ஓட்டக்காரர்களிடம் இந்த அளவுக்குப் பார்க்க முடியாது. ஓக்லஹோமாவில் ஆராய்ச்சியாளர்கள் வருடக்கணக்கில் இதைத் துருவிக்கொண்டிருக்கிறார்கள்.

வயிற்றைப் பற்றி இன்னொரு சேதி, அவ்வளவு இனிமையானது இல்லை. பந்தயம் முடித்த நாய்களின் இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்தபோது ஏறக்குறைய பாதி நாய்களிடம் புண்ணோ அரிப்போ இருந்தது. வெளியே அறிகுறி ஒன்றும் இருக்காது. திடீரென ரத்த வாந்தி எடுக்கும். ஓடிக்கொண்டே வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயில் இறங்கும், நுரையீரல் அழற்சி வரும். பந்தயத்தில் நாய்கள் இறந்துபோகிற காரணங்களில் இது முக்கியமான ஒன்று. இதற்காகவே ஒமிப்ரசோல் போன்ற மாத்திரைகளை முன்கூட்டியே கொடுக்கிறோம். கேட்காமல் கடையில் வாங்கி நீங்களே கொடுக்காதீர்கள். அளவும் நேரமும் உண்டு, வெறும் வயிற்றில் கொடுத்தால்தான் சரியாக வேலை செய்யும். வலி மாத்திரை விஷயத்தில் இன்னும் கறாராகச் சொல்வேன். மனிதர்கள் சாப்பிடும் ஐபுப்ரோஃபெனை “காலுக்கு நல்லது” என்று நாய்க்குக் கொடுத்துவிட்டு என்னிடம் ஓடி வந்த அப்பாக்கள் உண்டு. நாயின் இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் அது விஷம்.

தண்ணீர் சாதாரண விஷயம்போலத் தெரியும். ஆனால் புதியவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். களைத்த நாய் வெறும் குளிர்ந்த நீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அதில் ஒரு கை மீனைப் போட்டு வெதுவெதுப்பாக்கினால் கிண்ணம் காலி. இரவு ஓய்வில் மஷர் செய்கிற முதல் வேலைகளில் ஒன்று ஸ்பிரிட் அடுப்பில் பனி உருக்குவது. ஒரு வாளி பனியை உருக்கினால் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் மிஞ்சும், மறுபடி அள்ளிப் போட வேண்டும். ஓடும்போதே நாய்கள் ஓரத்துப் பனியை ஒரு கவ்வு கவ்விக்கொள்ளும். அது இயல்பு. ஒரே நாய் பத்தடிக்கு ஒருமுறை கவ்வினால், அதற்கு உடம்பு சுடுகிறது என்று பொருள்.

சுடுகிறதா, மைனஸ் குளிரிலா? ஆமாம். மைனஸ் ஐந்து டிகிரியும் நல்ல வெயிலும் சேர்ந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மைனஸ் முப்பதில் நிம்மதியாகத் தூங்குவேன். நாய்க்கு வெப்பத்தை வெளியேற்ற முக்கிய வழி நாக்கும் மூச்சும்தான். அதன் மேல் இரட்டை அடுக்கு ரோமக் கோட்டு வேறு. அதனால் இலையுதிர் காலப் பயிற்சியை விடியற்காலையிலோ ராத்திரியிலோ, பத்து டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகே தொடங்குவார்கள். பனி இல்லாத அந்த நாள்களில் ஸ்லெட்டுக்குப் பதில் நாலு சக்கர ஏ.டி.வி. வண்டியை இழுக்க வைப்பார்கள். முதலில் இரண்டு மைல், பிறகு நான்கு. பெரிய பந்தயத்துக்குப் போகிற நாய் மார்ச்சுக்குள் 1,500 மைலுக்கு மேல் ஓடியிருக்கும். இப்போதெல்லாம் பனியே நேரத்துக்கு வருவதில்லை. பனி போதாமல் இடிடரோட்டின் தொடக்கத்தையே 2003, 2015, 2017, 2025 ஆண்டுகளில் வடக்கே ஃபேர்பேங்க்ஸுக்கு மாற்றினார்கள். இந்தத் தலைமுறை மஷர்கள் குளிரைவிட வெப்பத்தைத்தான் அதிகம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

இனி பாதம். பத்து நாய்க்கு நாற்பது பாதம். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணிக் காலுறை, பெயர் ‘பூட்டி’. மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுப்பட்டை வைத்துக் கட்டுவது. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று பாதம் வீங்கும். தளர்த்தினால் அரை மைலில் கழன்று விழும். கையுறை போட்டுக்கொண்டு அந்த இறுக்கத்தைப் பார்க்க முடியாது, வெறும் விரலால்தான் பார்க்க வேண்டும். அந்தப் பெண்ணின் வலது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் எப்போதும் வெடித்திருக்கும். நாயின் பாதத்துக்குப் பூசுகிற களிம்பையே அவளும் பூசிக்கொள்கிறாள். நானும் ஒன்றும் சொல்வதில்லை. ஓய்வுக்கு நின்றதும் பூட்டிகளைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் படுக்க விட்டால் காலையில் பாதம் ரொட்டிபோல உப்பியிருக்கும். விரலிடுக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும், சின்னப் பிளவு ஒன்று இருந்தாலும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆண் நாய்க்கு அடிவயிற்றுப் பக்கம் ரோமம் குறைவு, காற்றடிக்கும் இரவில் அங்கே உறைபனிப் புண் வரும். சின்னத் துணி மறைப்பு ஒன்று கட்டினால் போதும். பதின்வயதுப் பிள்ளைகள் கூச்சத்தில் இதை விட்டுவிடுகிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்கிறேன்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு நடுத்தரத் தூரப் பந்தயம். நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் அணி செக்பாயிண்ட்டுக்குள் வந்தது. நாங்கள் மருத்துவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளும் வரிசை ஒன்று உண்டு: இதயமும் நீர்ச்சத்தும், மனநிலையும் பசியும், எடை, நுரையீரல். இவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் மஷர்கள் இடப்பக்கம் திருப்பச் சொல்லும் ‘ஹா’ வந்துவிடும், கடைசியில் ஓர் ‘எல்’ மட்டும் மிச்சம். அந்த வரிசைப்படி பார்த்தேன். ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன், ஈறைத் தொட்டேன், தோலைக் கிள்ளி விட்டேன், மூட்டுகளை ஒவ்வொன்றாக மடக்கினேன். ஹாமரின் வலது முன்னங்கால் மணிக்கட்டையும் மடக்கினேன். ஒரு சுணக்கமும் இல்லை, என் முகத்தை நக்கினான். மஷர் தன்னோடு எடுத்துவரும் மருத்துவக் குறிப்பேட்டில் ‘பத்து நாயும் நலம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, காலை நீட்டலாம் என்று கூடாரத்துக்குப் போனேன்.

கால் மணி நேரத்தில் அவள் வாசலில் நின்றாள்.

“டாக்டர், ஹாமர் சுற்றவில்லை.”

“என்ன சுற்றவில்லை?”

“வைக்கோல் போட்டால் மூன்று சுற்று சுற்றிவிட்டுத்தான் படுப்பான். எப்போதும். இன்று தொப்பென்று விழுந்துவிட்டான்.”

“ஐம்பது மைல் ஓடியிருக்கிறான். களைப்பாக இருக்கும். தூங்க விடு, நீயும் தூங்கு” என்றேன். சொல்லிவிட்டு நான் தூங்கியும்விட்டேன்.

காலையில் கிளம்புவதற்கு முன்னால் அவள் என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். ஹாமரின் மணிக்கட்டு எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருந்தது. தொட்டால் கொதித்தது. மடக்கியதும் காலை வெடுக்கென இழுத்துக்கொண்டான். ஓடி வந்த சூட்டில், தசையும் மூட்டும் இளகியிருக்கும்போது, ஆர்வமும் அடங்காத நேரத்தில் நான் பார்த்தேன். உடம்புச் சூடு தணிந்த பிறகுதான் காயம் முகம் காட்டும். நாலு மணி நேர ஓய்வுக்குப் பின் எழுந்து நடக்கும் முதல் பத்தடிதான் உண்மையான பரிசோதனை. படித்தவன் எனக்கு இது தெரியாததில்லை. அன்று நினைவில் வைக்கவில்லை. அவளுக்கு இந்தப் பாடம் எதுவும் தெரியாது, ஹாமர் மூன்று சுற்று சுற்றுவான் என்பது தெரியும்.

அன்றைக்கு மேல் நான் இரண்டு முறை பார்க்கிறேன், வந்ததும் ஒருமுறை, கிளம்பும் முன் ஒருமுறை. நாயைத் தொடுவதற்கு முன்னால் மஷரிடம் கேட்கிறேன்: “யாராவது வழக்கத்துக்கு மாறாக ஏதாவது செய்தார்களா?” மருத்துவருக்கு நாயைத் தெரிவது பத்து நிமிடம். மஷருக்கு அது பிறந்த நாளிலிருந்து தெரியும். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளை, வெள்ளைக் கோட்டு போட்டவர் “ஒன்றுமில்லை” என்று சொன்னதும் வாயை மூடிக்கொள்ளும். மூடிக்கொள்ளாதீர்கள். இரண்டாம் முறை கேளுங்கள், மூன்றாம் முறையும் எழுப்புங்கள்.

கொக்கியைப் பிடுங்குவதற்குள் ஹாமரைக் கயிற்றிலிருந்து கழற்ற வேண்டியிருந்தது. அதைப் பார்க்க மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. மூன்று காலில் நின்றுகொண்டு, மற்றவை துள்ளுவதைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினான். அவளும் அழுதாள். பத்தில் ஒன்று குறைந்தால் ஒன்பது நாய், அதுவும் வீல் ஜோடியில் ஒன்று போனால் ஸ்லெட்டைத் திருப்புவது பாடு. இப்படி வழியில் விட்டுப்போகும் நாயை முன்பு ‘கைவிட்ட நாய்’ என்கிற தொனியில் ஒரு சொல்லால் குறிப்பிடுவார்கள். இப்போது இடிடரோட்டில் ‘திருப்பி அனுப்பிய நாய்’ என்கிறார்கள். நல்ல மாற்றம். சிறு விமானத்தில் வீட்டுக்குப் போகிறது, அவ்வளவுதான். ஒருமுறை விட்டால் மறுபடி அணியில் சேர்க்க முடியாது என்பதால் விட மனம் வராமல் “அடுத்த இடம் வரை போகட்டும்” என்று இழுக்கிறவர்கள் உண்டு. அந்த ‘அடுத்த இடம்’ ஐம்பது மைலுக்கு அப்பால் இருக்கும்.

ஓடும்போது மஷர் நாள் முழுக்கப் பார்ப்பது நாய்களின் பின்பக்கத்தை. சிரிக்காதீர்கள், அதுதான் அவர்களுக்குப் பாடப்புத்தகம். முதுகோடு சேரும் இழுகயிறு விறைப்பாக இருந்தால் நாய் இழுக்கிறது. தொய்ந்தால் ஏதோ இருக்கிறது. ஒரு தலை மட்டும் மற்றவற்றோடு சேராமல் மேலும் கீழும் ஆடினால் முன்னங்காலில் வலி. எப்போதும் நிமிர்ந்திருக்கும் காது படிந்திருந்தால், எப்போதும் ஓடிக்கொண்டே மலம் கழிக்கிறவன் அன்று தடுமாறினால், சிற்றுண்டிக்குக் கொடுத்த உறைந்த மீனைத் துப்பினால், எல்லாமே சேதிதான். கடைசியாகச் சொன்னதற்கு நான் மிகவும் அஞ்சுவேன். சாப்பிட மறுக்கும் ஸ்லெட் நாயை ஒருபோதும் “பிடிவாதம்” என்று தள்ளிவிடாதீர்கள்.

மஷரின் உடம்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஆறு மணி நேரம் ஓடி ஆறு மணி நேரம் ஓய்வு என்றால், அந்த ஓய்வு நாய்களுக்கு. சோறு, பாதம், வைக்கோல் எல்லாம் முடித்து மஷர் கண்ணை மூடுவது ஒரு மணி நேரமோ ஒன்றரையோ. மூன்றாவது இரவில் மரங்கள் ஆளாகத் தெரியும், இல்லாத வீட்டு விளக்கு தெரியும் என்று அனுபவசாலிகளே சொல்வார்கள். தூக்கம் இல்லாத மூளைக்கு முதலில் போவது கவனம். தொய்ந்த கயிறு கண்ணில் படும், மனத்தில் பதியாது. அதனால் இளையவர்களை வீட்டுக்குப் பின்னாலேயே ஓர் இரவு வெளியில் நாய்களோடு தங்கச் சொல்லிப் பழக்குங்கள். வெறும் குளிர்ப்பழக்கத்துக்காக இல்லை, தூக்கம் கெட்டபின் தன் புத்தி எப்படி வேலை செய்கிறது என்று அவர்களே பார்த்துக்கொள்வதற்காக. மூஸ் என்கிற பெரிய மான் வழியை மறித்தால் என்ன செய்வது என்பதையும் வீட்டிலேயே பேசிவைக்க வேண்டும். 1985 இடிடரோட்டில் சூசன் புச்சர் என்ற மஷரின் அணிக்குள் ஒரு மூஸ் புகுந்து மிதித்ததில் இரண்டு நாய்கள் இறந்தன, அவர் பந்தயத்தை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு தொடங்கித் தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தார் என்பது வேறு கதை.

கொடுமை இல்லையா என்ற கேள்விக்கு வருகிறேன். பந்தயங்களில் நாய்கள் இறந்திருக்கின்றன. அதை மறைப்பதால் யாருக்கும் நன்மை இல்லை. ஆரம்ப ஆண்டுகளில் நிலைமை மோசமாகவே இருந்தது. இன்று இடிடரோட்டில் ஓடும் முன் ஒவ்வொரு நாய்க்கும் ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி. வழியில் கட்டாய ஓய்வுகள்: ஒருமுறை 24 மணி நேரம், இரண்டு முறை எட்டெட்டு மணி நேரம். இறந்த நாய்க்குப் பிரேதப் பரிசோதனை. இவ்வளவுக்குப் பிறகும் இது வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அவரை மிருகாபிமான வேடதாரி என்று நான் ஏசமாட்டேன். எனக்கு அதைவிடக் கவலை, கேமரா போகாத இடங்கள். பந்தயம் ஒன்பது நாள், கொல்லைப்புறம் 365 நாள். சங்கிலி எவ்வளவு நீளம், கூண்டுக்குள் வைக்கோல் காய்ந்திருக்கிறதா, ஓடத் தெரியாத குட்டிக்கு என்ன கதி, வயதான நாய் எங்கே? நாய் வளர்க்க வரும் இளையவரிடம் நான் கணக்குக் கேட்பது இதைத்தான். ஒரு நாயைப் புதிதாகச் சேர்க்கிறாய் என்றால் பன்னிரண்டு, பதினான்கு வருடத்துக்குக் கணக்குப் போடு. அதில் அது ஓடப்போவது ஏழெட்டு வருடம். உனக்குக் கல்லூரி வரும், வேலை வரும். மிச்ச வருடத்துக்கு யார்?

1925-ல் நோம் நகரத்துக்கு டிப்தீரியா மருந்தை இருபது மஷர்கள் கைமாற்றிக் கைமாற்றி 674 மைல் கொண்டுபோய்ச் சேர்த்தது பலருக்குத் தெரிந்திருக்கும். கடைசிக் கட்டத்தில் ஓடிய பால்டோ என்ற நாய்க்குச் சிலை கிடைத்தது. மிக நீண்ட, ஆபத்தான பகுதியை ஓட்டியவர் லியோன்ஹார்ட் செப்பலா, அவருக்கு முன்னால் ஓடிய நாய் டோகோ. டோகோவுக்கு அப்போது பன்னிரண்டு வயது! அந்த வயதில் ஒரு நாய் தலைமை தாங்கி ஓட வேண்டும் என்றால் அதற்கு முந்தைய பதினோரு வருடமும் அதை எப்படிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் ஒரு மருத்துவனாக எனக்குத் தோன்றும். செப்பலா பெயரில் இடிடரோட்டில் ஒரு விருது உண்டு. நாய்களை மிக நன்றாகக் கவனித்துக்கொண்டு, அதேசமயம் போட்டியிலும் முன்னணியில் நின்றவருக்கு வழிநெடுக இருக்கும் மருத்துவர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது. அந்தப் பெண்ணிடம் பெரிய பந்தயம் ஓடும்போது முதலிடம் வேண்டுமா என்று கேட்டேன். “வந்தால் வேண்டாம் என்பேனா? ஆனால் செப்பலா விருதுதான் கண்ணில் இருக்கிறது” என்றாள்.

ஹாமருக்கு எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு முறியவில்லை, தசைநாண் உறை கெட்டிருந்தது. இரண்டு மாத ஓய்வு, அப்புறம் மெதுவாக நடை. அந்த மணிக்கட்டு கொஞ்சம் தடித்தேதான் நின்றுவிட்டது. வீல் இடத்தில் இனி வேண்டாம், நீண்ட ஓட்டமும் வேண்டாம் என்றேன். அவள் ஒன்றும் வாதாடவில்லை, தன் குறிப்பு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டாள்.

போன செப்டம்பரில் தடுப்பூசி போட அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். எட்டு மாதக் குட்டிகளுக்கு முதல் ஹார்னஸ், அதாவது இழுப்பதற்கு உடம்பில் மாட்டும் வார்ப்பட்டை. ஏ.டி.வி.க்கு முன்னால் நாலு குட்டி, நடுவில் அனுபவசாலிகளாக ரெஞ்ச்சும் ஹாமரும். ஒரு குட்டி கழுத்துக்கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தது. இன்னொன்று திரும்பி நின்று, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்றே தெரியாமல் எங்களைப் பார்த்துக் குரைத்தது. ஹாமர் ஊளையும் இல்லை, துள்ளலும் இல்லை, கயிறு விறைக்க முன்னால் பார்த்து நின்றான். இரண்டே மைல் போய்த் திரும்பினார்கள். ஹார்னஸைக் கழற்றிவிட்டுக் குட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் ஓரக்கண்ணால் ஹாமரின் வைக்கோலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் ஊசிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து சத்தம் வந்தது.

“மூன்று, டாக்டர்! மூன்று சுற்று!”